மூன்று முறை மருந்தடித்தும் புகையான் ஏன் அடங்கவில்லை?

வாசகர் கேள்வி: மன்னார்குடிக்கு அருகே பன்னிரண்டு மா (ஏறத்தாழ நான்கு ஏக்கர்) நிலத்தில் சம்பாவுக்கு பிபிடி 5204 ரக நெல் நட்டிருக்கிறேன். நட்ட இருபதாம் நாள் இலைச்சுருட்டுப் புழு தெரிந்ததால் குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த மருந்தை அடித்தேன். நாற்பதாம் நாள் மறுபடியும் புழு தெரிந்தது. லாம்டா சைஹாலோத்ரின் அடித்தேன். பயிர் நன்றாகத் தூர் கட்டட்டும் என்று அதே வாரத்தில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போட்டேன். அறுபத்தைந்தாம் நாள் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் (பழுப்புத் தத்துப்பூச்சி) தெரியவே, இமிடாகுளோபிரிடுடன் பூசண மருந்தையும் டானிக்கையும் ஒரே டேங்கில் கலந்து அடித்தேன். இப்போது கதிர் பால் பிடிக்கும் நேரம். இரண்டு இடங்களில் பயிர் வட்டமாகக் காய்ந்து கிடக்கிறது. வேறு சில இடங்களில் கதிர் வெளுத்து நிற்கிறது. எனக்கு விற்றது போலி மருந்தா? இப்போது எதை அடிக்கலாம்? அடுத்த சம்பாவில் இது வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்? இந்த நெல்லை விதைக்கு வைக்கலாமா?

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம். உங்கள் நான்கு கேள்விகளில் "இப்போது எதை அடிக்கலாம்" என்பது மட்டும் நாள் கடத்தக் கூடாதது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

காய்ந்த வட்டத்தின் நடுவில் நிற்கும் பயிர் இனித் தேறாது. அங்கே மருந்தடிப்பது வீண். சாறு வற்றிய தூர்களை விட்டுவிட்டுப் பூச்சிகள் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கும். வட்டத்தின் விளிம்பில் அடியிலைகள் மஞ்சளாகி, மேலே இன்னும் பச்சையாக நிற்கும் குத்துகளில்தான் (ஓரிடத்தில் நட்ட நாற்று தூர் கட்டி நிற்கும் கொத்து) அவை அடர்ந்திருக்கும். அந்த விளிம்பிலும், அதற்கு அப்பால் வயலின் குறுக்காக நடந்தும், இருபது குத்துகளையாவது பாருங்கள். குத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரை உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டினால், பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகளும் வெளிர் நிறக் குஞ்சுகளும் தண்ணீரில் விழும். அவற்றை எண்ணுங்கள், அதே குத்தில் சிலந்தி இருக்கிறதா என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். சிலந்தியே இல்லாத வயலில் ஒரு தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருக்கும் வயலில் ஒரு தூருக்கு இரண்டு பூச்சி என்பதே மருந்தடிக்க வேண்டிய எல்லை. அதாவது இருபது தூர் கட்டிய குத்தில் சிலந்தி இல்லையென்றால் இருபது பூச்சி, சிலந்தி இருந்தால் நாற்பது பூச்சி. அந்த எண்ணிக்கையைத் தாண்டிய பகுதிக்கும், காய்ந்த வட்டங்களைச் சுற்றிலும் மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்கும் மட்டும் மருந்தடித்தால் போதும். பன்னிரண்டு மா முழுவதற்கும் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், எண்ணிப் பார்க்காமல் அதை ஏற்காதீர்கள்.

அடிக்கும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். மார்கழியில் மேட்டு வயல் தண்ணீர் உங்கள் வயல் வழியாகத்தான் வடியும் என்றால் ஒரே நாளில் இது நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மடையைத் திறந்து, முடிந்த அளவுக்கு மண் தெரியும்படி வடிப்பதே பாதி வைத்தியம். பிறகு எட்டடிக்கு ஓரிடத்தில் பயிரை இருபுறமும் விலக்கிச் சாய்த்து வழி ஏற்படுத்தி, தெளிப்பான் முனையைத் தாழ்த்தி, தூரின் அடியில் மருந்து படும்படி ஏக்கருக்கு இருநூறு லிட்டர் கணக்கில் தெளிக்க வேண்டும். ட்ரோனில் ஏக்கருக்குப் பத்து லிட்டர் அளவில் தெளிக்கும் மருந்தில் பெரும்பகுதி மேலிலைகளிலேயே தங்கிவிடும் என்பதால், கதிர் வந்து அடர்ந்து நிற்கும் வயலில் புகையானுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மருந்துகளில் ஏக்கருக்குப் பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி 120 கிராம் அல்லது டிரைபுளூமெசோபைரிம் 10 எஸ்சி 94 மில்லி, இரண்டில் ஒன்று போதும்; வேறெதையும் அதோடு கலக்க வேண்டாம். பைமெட்ரோசின் பூச்சியை உடனே கொல்வதில்லை. சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிடும். பூச்சி பட்டினி கிடந்து சில நாட்களில் சாகும். அடித்த மறுநாள் தூரில் பூச்சி உயிரோடு நிற்பதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை வாங்கி அடித்துவிடாதீர்கள். புப்ரோபெசின் நல்ல மருந்துதான், ஆனால் அது தோலுரிக்கும் குஞ்சுகளைத்தான் கொல்லும், வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. ஆகவே தொடக்க நிலைக்கு உரியது, இப்போதைய நிலைக்கு அல்ல. எதை அடித்தாலும் அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே மூன்று வாரமாவது இருக்க வேண்டும். உங்கள் பயிருக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கும் என்று கணக்கிடுகிறேன்; அதனால் இந்த வாரத்தைத் தவறவிட்டால், அடிக்காமல் தண்ணீரை வடித்து வைத்து, காய்ந்த பகுதியை ஒட்டியுள்ளதை முந்தி அறுப்பதே நல்லது.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் வாங்கிய மருந்து போலியாக இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ரசீதும், தொகுப்பு எண் தெரியும் பழைய பாட்டிலும் கையில் இருந்தால், உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கொடுத்து முறையிடுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி கடையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிமருந்து ஆய்வாளருக்கு உண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்க்கும்போது, மூன்றாவது மருந்து தோற்றதற்குக் காரணம் முதல் இரண்டு மருந்துகளும் நன்றாக வேலை செய்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காவிரிப் படுகையில் புகையானால் காயும் வயல்களில் திரும்பத் திரும்ப நான் கேட்கும் வரலாறு இதுதான்.

புகையான் பெண் பூச்சி இலையுறையின் திசுவைக் கீறி, அதற்குள் வரிசையாக முட்டைகளைச் செருகி வைக்கிறது. ஒரு பெண் பூச்சி இருநூறுக்கு மேல் முட்டையிடும். திசுவுக்குள் இருக்கும் முட்டையை நீங்கள் அடித்த மருந்து எதுவும் தொடாது. ஏழு முதல் ஒன்பது நாட்களில் அது பொரித்துவிடும். இயற்கையில் அந்த முட்டைகளை அழிப்பவர்கள் வேறு. பச்சை உடலும் கருத்த தலையும் கொண்ட, மூன்று மில்லி மீட்டர் நீளமேயுள்ள மிரிட் நாவாய்ப்பூச்சி, தன் ஊசி வாயை இலையுறைக்குள் செலுத்தி முட்டையை உறிஞ்சிவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குளவிகள் அதே முட்டைக்குள் தம் முட்டையை இடும். பொரித்து வரும் குஞ்சுகளுக்காக ஓநாய்ச் சிலந்தி தூரடியில் காத்திருக்கும். வாலில் முட்டைப் பையையோ முதுகில் குஞ்சுகளையோ சுமந்தபடி தண்ணீர் மேல் ஓடும் பழுப்புச் சிலந்தியை நீங்கள் நடவு நாளிலிருந்தே பார்த்திருப்பீர்கள். வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் இச்சிலந்தி ஒன்று, நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து தத்துப்பூச்சிகள் வரை தின்னும்.

இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும் நீங்கள் அடித்த மருந்துகள் இலைச்சுருட்டுப் புழுவைக் கொன்றதோடு இவர்களையும் கொன்றன. பாதுகாப்பாகத் திசுவுக்குள் இருந்த புகையான் முட்டைகள் மட்டும் மிஞ்சின. வயலுக்குப் பறந்து வந்து இறங்கிய நீளச் சிறகுப் புகையான் பூச்சிகளுக்கும் எதிரி இல்லாத வயல் கிடைத்தது. இதோடு, சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் முதலான பைரித்ராய்டு வகை மருந்துகள் சாகாத அளவில் பட்ட பெண் பூச்சிகள் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிடுவதும் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. அதே வாரத்தில் நீங்கள் இட்ட இரண்டு மூட்டை யூரியா தூரை அடர்த்தியாக்கி, உள்ளே வெயிலும் காற்றும் இறங்காமல் செய்து, சாற்றில் தழைச்சத்தைக் கூட்டியது. அந்தச் சாற்றைக் குடிக்கும் பூச்சி வேகமாக வளர்ந்து கூடுதலாகப் பெருகும். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் என்று வைத்தால், நாற்பதாம் நாளில் இறங்கிய பூச்சியின் பிள்ளைகளையே நீங்கள் அறுபத்தைந்தாம் நாளில் பார்த்தீர்கள். அவற்றின் மேல் அடித்த இமிடாகுளோபிரிடுக்குப் புகையான் எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பது இந்தியா உட்படப் பல ஆசிய நாடுகளில் பதிவாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் மேலிருந்து தெளித்திருந்தால் அது தூரடிக்கும் போயிருக்காது.

இது உங்கள் வயலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தோனேசியாவில் மருந்துக்கு அரசு பெரும் மானியம் கொடுத்த காலத்தில் புகையான் பெருகிப் பெருகி வந்தது. 1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் சுகார்தோ, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது. மருந்து குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 1994இல், விதைத்த முதல் நாற்பது நாட்களுக்குப் பூச்சிமருந்து வேண்டாம் என்று விவசாயிகளிடம் ஓர் இயக்கமே நடத்தினார்கள்; அங்கே மருந்தடிக்கும் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த இயக்கம் குறிவைத்தது உங்கள் முதல் மருந்தைத்தான்: தொடக்கப் பருவத்து இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிப்பது. அந்த வயதில் சில இலைகள் வெளுத்துச் சுருண்டாலும், புதிதாகத் தூர் கட்டும் பயிர் அதை ஈடு செய்துகொள்ளும். தூர் கட்டும் பருவத்தில் பத்தில் ஒரு பங்கு இலைகளாவது சேதமடைந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலையில் ஏற்படும் சேதத்தைத்தான் உண்மையில் அஞ்ச வேண்டும். வரப்பில் நின்று பார்க்கும்போது வெளுத்த இலைகள் நூறாகத் தெரியும், இறங்கி எண்ணினால் அவ்வளவு இராது.

வெளுத்த கதிர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவை புகையானால் வந்தவை அல்ல. இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும், இரண்டும் கலந்தும் இருக்கலாம், பிரித்தறிவது எளிது. வெளுத்த கதிரைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். கையோடு வந்துவிட்டு, அடிமுனை கடிக்கப்பட்டிருந்தால் அது தண்டுத்துளைப்பான் உண்டாக்கிய வெண்கதிர். தண்டைக் கீறினால் புழுவோ அதன் எச்சமோ தெரியும். இழுத்தும் வராமல், கதிரின் கழுத்துக் கணுவில் கரும்பழுப்பு வளையம் தெரிந்து, அந்த இடத்தில் கதிர் ஒடிந்து தொங்கினால் அது கழுத்துக் குலைநோய். மேலிலைகளில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் உள்ள கண் வடிவப் புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவுக் குளிரும், காலை நெடுநேரம் இலையில் நிற்கும் பனியும், மிகுந்த தழைச்சத்தும் சேரும் மார்கழி வயல் இந்தப் பூசணத்துக்குத் தோதானது. பிபிடி 5204 அதற்கு எளிதில் ஆட்படும் ரகம்.

கழுத்து கருத்த கதிரை எந்த மருந்தும் மீட்காது. குலைநோய்க்கான டிரைசைக்ளசோல் 75 டபிள்யூபி மருந்தை ஏக்கருக்கு 120 முதல் 160 கிராம் அளவில், பொதிக் கட்டத்தின் முடிவில், கதிர் வெளிவரத் தொடங்கும் நாட்களில் அடித்தால்தான் கழுத்தைக் காக்கும். நீங்கள் அறுபத்தைந்தாம் நாளில் டேங்கில் கலந்த பூசண மருந்து எது என்று எழுதவில்லை. இலையுறைக் கருகலுக்கு உரிய மருந்து குலைநோய்க்கு உதவ வேண்டும் என்பதில்லை, பாக்டீரியா இலைக் கருகலுக்கோ இவை இரண்டும் உதவா. எந்த நோய் என்று தெரியாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் மருந்து, பணத்தையும் தெளிப்பவரின் உடலையும் மட்டுமே பாதிக்கிறது. தெளித்தவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்திருந்தாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. உறைமேல் சிவப்பு முக்கோணமோ மஞ்சள் முக்கோணமோ உள்ள எதையும் அவை இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த சம்பாவுக்கு வருவோம். முதலாவது, ரகம். பிபிடி அரிசிக்கு விலை கிடைக்கிறது என்பதை நான் அறிவேன். ஆனால் அது புகையானுக்கும் குலைநோய்க்கும் ஒருசேர இடம் கொடுக்கும் ரகம். சன்ன அரிசியே வேண்டும் என்றால், திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டிகேஎம் 13 ரகத்தை மூன்று மா அளவிலாவது நட்டுப் பாருங்கள். அது பிபிடியைவிட வயதும் குறைந்தது. பிபிடியையே நடுவதானால், கீழே சொல்பவற்றில் எதையும் விட்டுவிட முடியாது.

நடவின்போது எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். நிலம் வீணாகிறதே என்று நடவாட்களே முணுமுணுப்பார்கள். அந்த ஓரடியின் வழியாகத்தான் வெயிலும் காற்றும் தூரடிக்கு இறங்கும், நீங்கள் எண்ணவும் தெளிக்கவும் உள்ளே போக முடியும். ஓரப் பயிர் கூடுதலாகத் தூர் கட்டி, விட்ட இடத்தில் ஒரு பகுதியை ஈடு செய்யவும் செய்யும். யூரியாவை ஒரே வீச்சில் போடாமல், இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை குறையும்போது மட்டும் பிரித்துப் பிரித்து இடுங்கள். பருவம் முழுவதற்கும் நீங்கள் போட்ட மொத்த அளவு இங்கே முக்கியமல்ல. நாற்பதாம் நாளில் ஏக்கருக்குத் தொண்ணூறு கிலோவை ஒரு வாரத்துக்குள் கொட்டியதே கேடு. சாம்பல் சத்தைக் குறைக்காதீர்கள். மழை ஓய்ந்த நாட்களில் தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல், வடித்து, மண் தெரிந்தபின் கட்டுங்கள்.

நட்ட முதல் நாற்பது நாட்களில் பூச்சிமருந்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுங்கள். பைரித்ராய்டு வகையை நெல் வயலுக்கு எந்த நாளிலும் கொண்டுவர வேண்டாம். தண்டுத்துளைப்பான் முட்டைக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற சிறு குளவி பொரித்து வரும் ஒட்டுண்ணி அட்டையை நட்ட முப்பதாம் நாளும் முப்பத்தேழாம் நாளும், இலைச்சுருட்டுப் புழு முட்டைக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் அட்டையை முப்பத்தேழு, நாற்பத்து நான்கு, ஐம்பத்தொன்றாம் நாட்களிலும் கட்டலாம். அட்டை கட்டும் வாரத்தில் மருந்தடித்தால் அந்தக் குளவிகளும் செத்துப்போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பு, குஞ்சுகள் தோன்றும் தொடக்கத்தில் பயன்படும். வட்டம் காய்ந்த பிறகு அதை நம்பி நாட்களை இழக்கக் கூடாது.

வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு, எள் விதைப்பதைப் பலர் அழகுக்கான ஏற்பாடாக நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. அந்தப் பூக்களின் தேனும் மகரந்தமும் முட்டையை அழிக்கும் குளவிகளுக்கு உணவு. நெற்பயிரில் அவற்றுக்குத் தேன் கிடையாது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் நெல் வயல்களில் வரப்பில் பூச்செடிகள் வளர்த்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. அந்த வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பு எழுபது சதவீதம் குறைந்தது, விளைச்சலும் ஐந்து சதவீதம் கூடியது. உளுந்து உங்களுக்குப் புதிதல்ல, சம்பா அறுவடைக்கு முன்பே வயலில் தெளிப்பீர்கள். அதில் ஒரு படியை நடவு வாரத்திலேயே வரப்பில் ஊன்ற வேண்டும், அவ்வளவுதான்.

நட்ட முப்பதாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, நான் மேலே சொன்னபடி இருபது குத்துகளைத் தட்டி எண்ணி, பூச்சியையும் சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விளக்குப் பொறி வைத்திருந்தால், திடீரென்று தத்துப்பூச்சி கூடும் இரவு எது என்று அது காட்டும். அடுத்த பத்து நாளில் தூரடியைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது. பக்கத்து நிலத்துக்காரர்களையும் இரண்டு மூன்று வார இடைவெளிக்குள் நட வைக்க முடிந்தால் பெரிதும் உதவும். முன்னே நட்ட வயலில் பெருகிய பூச்சி பின்னே நட்ட இளம்பயிருக்குப் பறந்து வருவதை வரப்பு தடுக்காது.

விதையைப் பற்றிய கேள்விக்கு: காய்ந்த வட்டங்களிலிருந்தும், கழுத்து கருத்த கதிர்கள் உள்ள பகுதியிலிருந்தும் விதை எடுக்காதீர்கள். புகையான் விதை வழியே பரவுவதில்லை, ஆனால் அங்கே நெல் பொக்காகவும் அரைகுறையாகவும் இருக்கும். குலைநோய்ப் பூசணமோ விதையோடு நாற்றங்காலுக்கு வரும். நோயில்லாத ஓர் ஓரத்தை இப்போதே குச்சி நட்டுக் குறித்து, அதைத் தனியே அறுத்து, தனியே அடித்துக் காய வையுங்கள். விதைக்கும்போது உப்புக் கரைசலில் இட்டு மிதப்பதை நீக்கி, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கிலோவுக்குப் பத்துக் கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூசணத்தை அடக்கும் பாக்டீரியா) கலந்து ஊற வையுங்கள். நாற்றைப் பறித்து நடும் முன் ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் வேரை அரை மணி நேரம் நனைப்பதும் குலைநோய்க்கு நல்லது. குறித்து வைக்கும் அளவுக்கு நோயில்லாத இடமே இல்லை என்றால், இந்த முறை வேளாண் விரிவாக்க மையத்தில் சான்று விதை வாங்கிக்கொள்ளுங்கள்.